சாவி என் சட்டைப் பையில் இருந்தது

இது நடந்தது. நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்புகிற பழக்கம் கும்மிடிப்பூண்டியில் எல்லோருக்கும் உண்டு. என் வீட்டுக்காரி முக்கால்வாசியைக் கழிப்பாள். இதில் மட்டும் தயவுசெய்து எதையும் கழிக்காதீர்கள். கொசு சிட்டுக்குருவி அளவுக்கு இருந்தது என்று வருகிற இடத்தில் வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.

2006, ஐப்பசி மழை. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் ஒட்டடைக்கொம்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், சிப்காட்டுக்குப் பின்பக்கம் ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்து வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தேன். கொசு சிட்டுக்குருவி அளவுக்கு இருந்தது அந்த ஷெட்டில்தான்.

அங்கேதான் சர்ஃபராஸ் தன் ஆம்னி வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தான். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிறவன். வருஷக்கணக்காக இறாலும் ஐஸும் ஏற்றிய வண்டி. கதவைத் திறந்தால் நாலு தெரு தள்ளிப் பூனைகள் எழுந்து உட்காரும். எஞ்சின் அடியோடு போய்விட்டிருந்தது.

"வரதண்ணே, நீ இன்னா பண்ணுவியோ தெரியாது. வெள்ளிக்கெழம காலைல வண்டி ஓடணும்."

"ஏன்யா, வெள்ளிக்கெழம இறாலுக்கு நிச்சயதார்த்தமா?"

அவன் சிரிக்கவில்லை. மனைவி அஃப்ஸானாவுக்கு நிறைமாதம் என்றான். முதல் பிரசவத்தின்போது வலி வந்து, ஆட்டோவுக்கு நின்று, வந்த ஆட்டோவும் பாதி வழியில் நின்று போய், குழந்தை ரோட்டோரத்திலேயே பிறந்திருக்கிறது. பிறந்தபோது உயிர் இல்லை. இந்தத் தடவை வலிக்குக் காத்திருக்காமல் வெள்ளிக்கிழமை காலையே பொன்னேரிக்குக் கூட்டி வந்துவிடச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.

"இன்னொரு தபா யார் வண்டிக்கும் கையக் காட்டிக்கினு ரோட்டுல நிக்கமாட்டேண்ணே" என்றான்.

இருவருமாக எஞ்சின் தேடக் கிளம்பினோம்.

பழைய இரும்புக் கடை பச்சையப்பனிடம் ஓர் எஞ்சின் கிடைத்தது. அதே ஆம்னிதான், ஆனால் புது மாடல். கார்புரேட்டர் கிடையாது. ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்துகொண்டு பெட்ரோலையும் பொறியையும் அளந்து கொடுக்கும். எஞ்சின், பெட்டி, ஒயர்க்கட்டு, டேங்குக்குள் போடுகிற பெட்ரோல் பம்ப் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டோம். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"ஆக்சிடென்ட் வண்டியாய்யா?"

"மூக்குல சின்ன அடி சாமி. ஆளுக்கு ஒண்ணும் ஆவல" என்றான் பச்சையப்பன்.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் போன வண்டியின் எஞ்சின் என்றால், முதல் தடவை சாவி போடும்முன் சூடம் ஏற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, "நீ இறங்கிக்கோப்பா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆள் போகவில்லை என்றால் ஒன்றும் வேண்டாம். பச்சையப்பன் சொன்னதை நம்பி நானும் ஒன்றும் செய்யவில்லை.

திங்கட்கிழமை எஞ்சினை இறக்கி உட்கார வைத்தோம். அன்றே ஒயரிங். கம்ப்யூட்டருக்கு வேண்டியது ரொம்ப இல்லை. பேட்டரியிலிருந்து எப்போதும் ஒரு கரண்டு. சாவி போட்டால் இன்னொரு கரண்டு. பிறகு எர்த். வந்த கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போக வழி. டேஷ்போர்டுக்கு அடியில் வண்டியின் பாடியில் ஒரு போல்ட் பார்த்து எர்த்தை முடுக்கினேன். வேலை முடிந்தது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாவி போட்டேன். எஞ்சின் சுற்றியது. பற்றவில்லை.

ரிலேயை மாற்றினேன். பற்றவில்லை. ஃபியூஸை மாற்றினேன். பற்றவில்லை. பம்பைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. புதன்கிழமை முழுக்க ஒயரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். சாவியைப் போட்டால் பம்ப் "ஊங்ங்..." என்று இரண்டு நொடி ஓடி நிற்கும். ரிலே "டக்" என்னும். அவ்வளவுதான். எத்தனை தடவை திருப்பினாலும் அதே ஊங்ங், அதே டக். எஞ்சின் மட்டும் என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டியது. கோபத்தில் தலையைக் கதவில் மோதினேன். கதவு வளைந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம். மழை. ஐந்து மணிக்கே இருட்டு. சர்ஃபராஸைச் சாவி போட்டு எஞ்சினைச் சுற்றவிடச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரின் எர்த் ஒயரில் மீட்டரின் ஒரு முனையையும் பேட்டரியின் மைனஸில் மறுமுனையையும் வைத்தேன். முள் அசையவே கூடாது. இரண்டரை வோல்ட் காட்டியது. வந்த கரண்டு திரும்பிப் போகவில்லை, நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது.

போல்ட்டைக் கழற்றினேன்.

ஒயரின் நுனிக்குக் கீழே, செங்கல் நிறத்தில், தோசை கனத்துக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட்.

"இது யாருய்யா அடிச்சது?"

"நான்தாண்ணே" என்றான் சர்ஃபராஸ், பரிசு வாங்கப்போகிறவன் மாதிரி. "திங்கக்கெழம நீ ஊட்டுக்குப் போனப்புறம் அடிச்சேன். உப்புக் காத்தாச்சே. போல்ட்ட விடலாமா? ஒண்ணொண்ணாக் கழட்டி உள்ளயும் அடிச்சி, மறுபடி முடுக்கிட்டேன்."

பழவேற்காட்டுக்காரர்களிடம் இது ஒரு வியாதி. வண்டியைக் கழுவுகிறார்களோ இல்லையோ, மழைக்காலம் வந்தால் அடிப்பாகம் முழுக்க ரெட் ஆக்சைடு பூசாமல் தூங்கமாட்டார்கள்.

"பெயிண்ட்டுல கரண்டு போவாதுய்யா! மூணு நாளா என் உசுரப் பேஜாரு பண்ணிட்டியே!"

"நீ சொல்லவே இல்லியேண்ணே."

"மூச்சு விடுன்னுங்கூட நான் சொல்லல. அத மட்டும் ஒழுங்கா விட்டுக்கினு இருக்கியே!"

பெயிண்டைச் சுரண்டினால் கீழே இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. உப்புத்தண்ணீர் தின்ற பாடி. இதை நம்பக் கூடாது. எஞ்சினின் உடம்பிலேயே ஓரிடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இரண்டு புது ஒயர்களை அங்கே முடுக்கினேன். அங்கிருந்து தடி ஒயர் ஒன்று நேராக பேட்டரிக்கு. அந்த இரண்டு ஒயர்களின் மறுமுனையை டேஷ்போர்டுக்கு அடியில் கம்ப்யூட்டரின் ஒயரோடு சேர்த்துவிட்டால் போதும். அரை மணி நேர வேலை.

அப்போது சர்ஃபராஸின் போன் அடித்தது. அவன் மாமியார்.

"இன்னா மாமி? ... எப்போ? ... மாமி? மாமி?"

லைன் போய்விட்டது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"வலி வந்துடுச்சாம். ஊர்ல இருக்கற வண்டிங்க எல்லாம் நெல்லூர் கல்யாணத்துக்குப் போயிருக்கு. மழைக்கு ஆட்டோ வரமாட்டேங்கறானாம்."

"நீ மெயின் ரோட்டுக்குப் போ, அங்கதான் டவர் கெடைக்கும். பேசிட்டு வா. வர்றதுக்குள்ள முடிச்சி வெக்கறேன்."

ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் கரண்டு போய்விட்டது.

டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டேன். பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்தேன். ஒயர் வேலை என்றால் முதல் காரியம் அதுதான். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பொத்தானும் போட்டேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்தேன். தலை பெடல்களுக்குப் பக்கத்தில். கால் இரண்டும் வெளியே மழையில்.

கைக்கடிகாரத்தில் ஏழு மணி தாண்டியிருந்தது.

ஊங்ங்...

டக்.

பம்ப்.

"யோவ், சாவியத் திருப்பாதய்யா! கை உள்ள இருக்கு!"

டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கத்திய பிறகுதான் உறைத்தது. சர்ஃபராஸ் இங்கே இல்லை. சாவி என் சட்டைப் பையில். தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

ஒயரில் ஏதோ தேங்கி நின்ற கரண்டாக இருக்கும். அப்படி எல்லாம் நிற்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படியே சொல்லிக்கொண்டேன். டார்ச்சை மறுபடி கடித்துக்கொண்டு முதல் ஒயரை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினேன்.

ஊங்ங்...

டக்.

பேட்டரி கழன்றிருக்கிறது. கழற்றியது நான். ஸ்பேனர் இன்னும் என் இடுப்பில் குத்திக்கொண்டிருக்கிறது.

க்ரீச்.

தலைக்கு மேலே, சீட்டின் ஸ்பிரிங்.

யாரோ உட்கார்ந்தார்கள்.

நான் அசையவில்லை. டார்ச் வெளிச்சம் மேலே டேஷ்போர்டின் அடிப்பக்கத்தில் மட்டும் இருந்தது. அதை சீட் பக்கம் திருப்பவேண்டுமானால் தலையைத் திருப்ப வேண்டும். நான் திருப்பவில்லை. தைரியசாலிகள் திருப்பிக்கொள்ளட்டும்.

ஆக்ஸிலரேட்டர் பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. என் காதைத் தொட்டது. மேலே போனது. மறுபடி இறங்கியது.

ஊங்ங்... டக்.

ஊங்ங்... டக்.

வேகம் கூடிக்கொண்டே போனது.

இரண்டாவது ஒயர் பாக்கி. அது பிடி கொடுக்கவில்லை. ஒரு கையால் இதைப் பிடித்தால் அது நழுவுகிறது. அதைப் பிடித்தால் இது நழுவுகிறது. வியர்வை. வாயில் டார்ச் இருந்ததால் திட்டக்கூட முடியவில்லை. அதுதான் பெரிய கொடுமை.

அப்போது ஷெட்டின் பின்சுவர்த் தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைகள் எல்லாம் வெள்ளையாயின.

பின்னால் ரோடு கிடையாது. குட்டைதான். ஆனால் வெளிச்சம் வந்தது. ஒற்றை வெளிச்சம். பெரிதாகிக்கொண்டே வந்தது.

தரை அதிர ஆரம்பித்தது. ஸ்பேனர்கள் தட்டில் கிணுகிணுத்தன.

ஹாரன்.

ரயில் ஹாரன். ரயில் பாதை இரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். இந்த ஹாரன் என் பல்லில் கேட்டது.

மேலேயிருந்து ஒரு குரல். அழுகிற குரல்.

"சீக்கிரம் நைனா... சீக்கிரம்..."

ஓடிவிடலாம் என்று காலை உதைத்தேன். உதைத்தவுடன் ரோட்டோரத்தில் பிள்ளை பெற்ற அந்தப் பெண் ஞாபகம் வந்தது. இந்த ஒரு ஒயர். ஓடினால் திரும்பி இந்த வண்டிக்குள் நான் தலை நீட்டப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஒயரைத் தேடினேன்.

ஒயர் நழுவவில்லை.

நேராக நின்றது. ஆடாமல். யாரோ இரண்டு விரலால் பிடித்துக் கொடுக்கிற மாதிரி.

முறுக்கினேன்.

வெளிச்சம் முகத்தில்.

டேப்...

ஹாரன்...

சுற்றிவிட்டேன்.

எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றியது. பற்றிக்கொண்டது.

வெளிச்சம் இல்லை. சத்தம் இல்லை. மழை மட்டும். அதோடு எஞ்சின், புது வண்டி மாதிரி, பூனை தூங்குகிற சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்பக்கமாக நழுவி வெளியே சேற்றில் விழுந்தேன். எழுந்து பார்த்தேன். சீட் காலி. சாவித் துவாரம் காலி. பேட்டரியின் மைனஸ் ஒயர் நான் வைத்த இடத்திலேயே தொங்கியது.

எஞ்சின் ஓடியது.

"அண்ணே! ஸ்டார்ட் ஆயிடுச்சா!" சர்ஃபராஸ் நனைந்துகொண்டு ஓடி வந்தான். என்னைக் கட்டிப்பிடித்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். அவன் பார்க்கும்முன் பேட்டரி ஒயரை மாட்டி முடுக்கினேன். கை பதினெட்டுத் தடவை வழுக்கியது. குறைக்காதீர்கள், பதினெட்டுதான்.

ஏறி உட்கார்ந்தவன் தடவிப் பார்த்தான்.

"சாவி எங்கண்ணே?"

சட்டைப் பையின் பொத்தானை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"நல்லா வெளையாடறே நீ" என்று சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டான்.

அவனைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பழவேற்காடு வரை, அங்கிருந்து பொன்னேரி வரை, எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். அவன் சாமியையும் சேர்த்துத்தான். வண்டி ஒரு இடத்தில்கூட இருமவில்லை. விடிவதற்குள் பெண் குழந்தை. சிஃபா என்று பெயர் வைத்தார்கள். டாக்டரம்மா, இன்னும் அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். நான் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கழிப்பார்கள்.

மார்கழியில் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்ற வேண்டியிருந்தது. பழைய வண்டியின் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். பச்சையப்பன் விலாசம் கொடுத்தான். ஆரம்பாக்கம், பாக்கியராஜ். சர்ஃபராஸுக்கு இறால் சீசன். நானே வேனை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் மனைவி ஞானம்மா உள்ளேயிருந்து வந்தார்.

"அவரு யார்கூடயும் பேசறதில்ல சார். கையெழுத்துப் போடுவாரு, குடுங்க."

"என்னம்மா ஆச்சு?"

"அந்த வண்டிதான். ஆந்திரா எல்லைக்கு அந்தாண்ட ஒரு ஆளில்லாத ரயில்வே கேட்டு. பழைய இரும்பு லோடு ஏத்திக்கினு வந்தாரு. மேட்டுல ஏறி, மூக்கு தண்டவாளத்து மேல போனதும் எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சி. லோடு வண்டி, தள்ள முடியல. ஒரு தம்பி ஷிஃப்ட் முடிஞ்சி சைக்கிள்ல வந்துச்சி. ரகுன்னு பேரு. ஃபிட்டராம். எர்த் விட்டுப்போயிருக்கும், நான் பாக்கறேன்னு பெடலாண்ட தலைய விட்டுப் படுத்துச்சி. இவரு சீட்டுல உக்காந்து சாவியத் திருப்பிக்கினே இருந்தாரு. ரயிலு வந்துடுச்சி. இவரு குதிச்சிட்டாரு. அந்தத் தம்பியால முடியல."

செத்தவன் கீழே படுத்திருந்தவன். அப்படியென்றால் அன்றைக்கு சீட்டில் உட்கார்ந்து அழுதது?

அவர் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு. மூச்சு விட்டுக்கொண்டு.

"அன்னைலேர்ந்து சாயங்காலம் ஏழு மணி ஆனா இந்த நாற்காலில உக்காந்துக்கினு கையத் திருப்புவாரு. கால அமுக்குவாரு. அழுவாரு. ஒரு நாளு விடல சார். ஐப்பசில ஒரு வியாழக்கெழம, நல்ல மழை, திடீர்னு எழுந்து நின்னாரு. 'ஸ்டார்ட் ஆயிடுச்சி ஞானம்மா'ன்னாரு. போய்ப் படுத்துத் தூங்கினாரு. அதோட அது நின்னுபோச்சி."

பாக்கியராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேப்பரை நீட்டினார். முதல் தடவையாக நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், ரோட்டில் நின்ற காலி வேனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அவன எழுந்து வரச் சொல்லு நைனா" என்றார். அதே குரல். "வேலைதான் முடிஞ்சிடுச்சே. இன்னும் எதுக்கு ஒயரப் புடிச்சிக்கினு படுத்திருக்கான்?"

ஞானம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வேன் இன்றுவரை வழியில் ஒரு நாளும் நின்றதில்லை. அஃப்ஸானாவும் சிஃபாவும் அதில்தான் போய் வருகிறார்கள். எர்த் வேலைக்கு எனக்குத்தான் நல்ல பெயர். நானும் மறுப்பதில்லை.

அன்றைக்கு ஆரம்பாக்கத்திலிருந்து நான் அதே வண்டியில்தான் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது. கதவைத் திறந்து ரொம்ப நேரம் நின்றேன். பிறகு ஏறினேன். பெடலில் கால் வைக்கும்முன் ஒவ்வொரு தடவையும், தாழ்ந்த குரலில், மரியாதையாகச் சொன்னேன்.

"தம்பி, கொஞ்சம் நகந்துக்கோ."